எந்தக் கீ வேண்டும்?

ஆங்கில-ஸ்பானிஷ் அகராதியில் 'கீ' என்ற சொல்லைத் தேடுகிறவர் ஒரே ஒரு சாவியை நம்பித்தான் போகிறார். கையில் வந்து விழுவதோ ஒரு கொத்து. பூட்டைத் திறப்பது 'யாவே'. பியானோவிலும் கணினியிலும் விரலால் அழுத்துவது 'தெக்லா'. ரகசியக் குறியீட்டின் திறவுகோல் 'க்ளாவே'. கடலில் தலைகாட்டும் குட்டித் தீவு 'காயோ'. இதில் எது வேண்டும் என்று அகராதி கேட்பதில்லை. நான்கையும் வரிசையாக அடுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.

அவசரக்காரர்கள் முதலில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். "ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்" என்ற இடத்தில் 'யாவே' போட்டால், படிக்கிற ஸ்பானிஷ்காரர் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார். அந்த 'யாவே'யும் லேசுப்பட்டதல்ல. லத்தீன் அமெரிக்காவின் பல ஊர்களில் தண்ணீர்க் குழாய்க்கும் அதே பெயர்தான். மெக்கானிக் 'யாவே இங்லேசா' கேட்டால், அதாவது 'ஆங்கிலச் சாவி' கேட்டால், ஸ்க்ரூ ஸ்பேனரை எடுத்து நீட்ட வேண்டும்.

காயோவுக்கு நேர்ந்தது தனிக் கூத்து. ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுக்கு ஸ்பானியர் வைத்த பெயர் 'காயோ உவேசோ', எலும்புத் தீவு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதில் 'உவேசோ' 'வெஸ்ட்' என்று விழுந்ததாம். 'காயோ' 'கீ' ஆனது. இன்று அது கீ வெஸ்ட். எலும்பையும் காணோம், சாவியும் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

'கார்னர்' விஷயத்தில் தமிழருக்குக் கஷ்டமில்லை. அறைக்குள் மூலை, வெளியே தெருமுனை என்று நாமே பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். ஸ்பானிஷிலும் உள்ளே 'ரின்கோன்', வெளியே 'எஸ்கினா'. மீனில்தான் வழுக்கும். தண்ணீரில் நீந்தும்வரை அது 'பெஸ்'. வலையில் சிக்கிச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் 'பெஸ்காதோ'. நண்பர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்து "அழகான பெஸ்காதோ" என்று பாராட்டினால், விருந்தாளி மசாலா தடவக் கிளம்பிவிட்டார் என்று வீட்டுக்காரர் உஷாராகிவிடுவார்.

சரியான சொல்லைப் பிடித்துவிட்டாலும் நிம்மதி கிடையாது; எந்த நாடு என்ற கேள்வி பாக்கி. மெக்சிகோவில் பஸ்ஸுக்கு 'கமியோன்' என்பார்கள். ஸ்பெயினில் அது லாரி. கியூபாவில் பஸ் 'குவாகுவா'. சிலியில் அதே சொல் கைக்குழந்தை. கியூபாக்காரர் தினமும் குவாகுவாவில் ஏறித்தான் வேலைக்குப் போகிறேன் என்றால் சிலிக்காரர் போலீஸுக்குப் போன் போடலாமா என்று யோசிப்பார். மாட்ரிட்டில் பஸ் பிடிக்க 'கொஹேர்' என்ற வினைச்சொல் போதும். புவேனோஸ் ஐரெஸில் அதற்குப் படுக்கையறைப் பொருள். அங்கே 'தொமார்' என்று சொல்லித்தான் கௌரவமாகப் பஸ் ஏற முடியும்.

ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவுக்கு ஸ்பெயினில் 'பஹீத்தா', மெக்சிகோவில் 'பொபோத்தே', பெருவில் 'சொர்பேத்தே'. கொலம்பியாவில் 'பிதியோ', அதை மாட்ரிட் கடையில் கேட்டால் சிகரெட் கிடைக்கும். சிலியில் 'பொம்பியா', அதை மாட்ரிட்டில் கேட்டால் மின்விளக்கு பல்பு.

விளம்பரக்காரர்கள் இதில் பட்ட பாடு ஊரறிந்தது. 1987இல் அமெரிக்காவின் பிரானிஃப் விமான நிறுவனம் தன் தோல் இருக்கைகளைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டது. தோலில் அமர்ந்து பறங்கள் என்பதற்கு ஸ்பானிஷில் 'வுவேலா என் குவேரோ' என்றது. 'என் குவேரோஸ்' என்றால் பிறந்த மேனியாக. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு 'ஸ்'. கியூபாக்காரர்கள் பேச்சில் விழுங்கிவிடும் 'ஸ்' அது. ஆனால் இந்த வகைக் கதை எல்லாமே உண்மையல்ல. ஷெவர்லே நோவா காரின் பெயர் 'ஓடாது' என்று ஒலித்ததால் விற்கவில்லை என்பது வெறும் கட்டுக்கதை. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமே 'நோவா' என்ற பெயரில் பெட்ரோல் விற்றது, வண்டிகளும் ஓடின.

மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் வந்த பிறகு இந்தத் தவறுகளின் வேகம் கூடியிருக்கிறது. 2021 ஜனவரியில் விர்ஜீனியா மாநிலச் சுகாதாரத் துறையின் இணையப் பக்கம் கொரோனா தடுப்பூசி கட்டாயமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. கூகுள் மொழிபெயர்ப்பு வழியாக ஸ்பானிஷுக்குப் போனபோது அது தடுப்பூசி தேவையில்லை என்றாகிவிட்டது.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருந்துக்கடைகள் கணினி வழியே அச்சடித்த ஸ்பானிஷ் லேபிள்களை ஆராய்ந்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. ஏறக்குறைய பாதியில் பிழை. அவற்றில் மிக ஆபத்தானது, மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நின்றுவிடக்கூடிய 'ஒன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல். தினம் ஒரு முறை என்று எழுதப்பட்டதை ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர் 'ஓன்ஸே' என்று வாசிப்பார். அதற்குப் பொருள் பதினொன்று. எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளும் அதைக் கண்டுகொள்ளாது; ஸ்பானிஷ் அகராதியில் அது சுத்தமான, பிழையில்லாத சொல்.