பச்சைப் பட்டயம் வாங்கும் வழி

ஏய்யா பேராண்டி, ஒங்க காலேசுல பசுமை வளாகக் கமிட்டிக்கு ஒன்னைத் தலைவராப் போட்டிருக்காகளாமே! நீ திண்ணையில போட்டுட்டுப் போன ஃபைலை ஒந்தங்கச்சி வாசிச்சுக் காமிச்சா. அதைக் கேட்டுட்டு நாலு யோசனை சொல்லுதேன், குறிச்சுக்கோ.

மொதல்ல நிக்குற வேப்பமரத்தைப் பூரா வெட்டிரு. பதிலுக்குக் கன்னு நட்டாச்சுன்னு எழுதிக்கிடலாம். அது நெழல் தர்றதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிருவ. அந்த எடத்துல மேக்கே பாத்து முழுசாக் கண்ணாடி போட்டுக் கட்டு. சாயந்தர வெயிலு உள்ள வந்து உக்காந்துக்கிடும். அதை வெரட்ட ஏசி வையி. ஏசியில அஞ்சு நட்சத்திரம் ஒட்டியிருந்தாப் போதும், நீ கெட்டிக்காரன்.

பசுமைக் கட்டடத்துக்கு மார்க்கு போட லீட்னு அமெரிக்காக்காரன் கணக்கு ஒண்ணு இருக்காம்ல? 110-க்கு 60 எடுத்தா தங்கம், 80 எடுத்தா பிளாட்டினம். சைக்கிள் நிறுத்த எடம் விட்டா அதுக்கும் மார்க்காம். தாராளமா விடு. சைக்கிள்ல யாரும் வரலைன்னா வாத்தியாருமாரு காரை நிறுத்திக்கிடட்டும்.

மழைத்தண்ணி சேகரிப்பு 2003-லயே நம்ம கவர்மெண்டு கட்டாயமாக்குனது. அதனால கொழாயை மட்டும் பளபளன்னு மாட்டிரு. கீழ குழி இருக்கான்னு எந்த ஆபீசர் குனிஞ்சு பாக்கப் போறாரு? காலேசுக்குத் தரம் போடுற நாக் கமிட்டி வர்றதா இருந்தா, அதுக்கு மொத நாள் நர்சரியில சொல்லி தொட்டிச்செடி எறக்கிரு; அவுக போனதும் திருப்பி ஏத்திரலாம்.

என்னய்யா, மூஞ்சி சுருங்குது? கணக்கு மேல குத்தம் சொல்லலை. கான்பூர் ஐ.ஐ.டி.யில சுற்றுச்சூழல் கட்டிடம் ஒண்ணு இருக்கு. நம்ம நாட்டுக் கணக்கான கிரிஹாவுல மொத மொத அஞ்சு நட்சத்திரம் வாங்குனது அதுதான். வெயில் வர்ற தெசை பாத்து, சன்னலுக்கு நெழல் கொடுத்து, பகல் வெளிச்சத்தை உள்ள விட்டுக் கட்டுனது. கிரிஹாக்காரன் கொடுக்குற நட்சத்திரமும் அஞ்சு வருசத்துக்குத்தான். பொறவு மறுபடி காட்டணும். அவனுக்கும் நம்மாளுகளைத் தெரிஞ்சிருக்கு!

வரைபடத்தைப் பாத்துப் போடுற மார்க்கு ஒண்ணு. பிள்ளைக வந்து ஃபேனைப் போட்டு, கொழாயைத் தொறந்தப்புறம் விழுற மார்க்கு வேற. அதனால பட்டயத்தை வாசல்ல மாட்டுனா, பக்கத்துலயே மாசாமாசம் கரண்டு பில்லையும் தண்ணி லாரிக் கணக்கையும் ஒட்டிரு. ஒட்டக் கூச்சமா இருந்தா பட்டயத்தையும் கழட்டிரு.