கீரையை யார் ஆய்வது?

சிக்கனமாகக் குடித்தனம் நடத்துவது எப்படி என்று கேட்டு யாரையும் என்னிடம் அனுப்பிவைக்காதீர்கள். அது எனக்குத் தெரியும் என்று நானே நம்பியதில்தான் எங்கள் வீட்டில் செலவு கூடியது.

இரும்புக்கடையில் கணக்கெழுதுவது என் பிழைப்பு. ஒரு ரூபாய் இடித்தாலும் கடை சாத்திய பிறகு உட்கார்ந்து தேடி எடுத்துவிடுவேன். ஆணி, போல்ட், நட்டு என்று ஆயிரம் உருப்படிக்குக் கணக்கு வைத்திருப்பவனுக்கு அடுப்படிக் கணக்கு எம்மாத்திரம்? இந்த மிதப்பில்தான் போன தை மாதம் வாரச் சமையல் பட்டியல் ஒன்றைத் தயாரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கடையில் வீணான பில் தாளின் பின்பக்கத்தில் எழுதியது. சிக்கனம் தாளிலேயே தொடங்க வேண்டாமா?

பட்டியலைக் குறை சொல்ல முடியாது. ஞாயிறு ராத்திரி மாவு தயாரானால் திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் ஊத்தப்பம், புளிப்பு ஏறிவிட்டால் வியாழன் வெங்காயம் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். மிஞ்சிய இட்லி உப்புமாவாகும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் எனக்கு ஆயிற்று. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசிக்குக் காசே கிடையாது. அந்தப் புழுங்கலரிசியை இட்லிக்கு ஊறப்போடுவது மதுரைப் பக்கம் பாதி வீடுகளில் நடப்பதுதான். மதியத்துக்குத் திங்கள் கீரைக் கூட்டு, செவ்வாய் சுரைக்காய் சாம்பார், புதன் முட்டைக் குழம்பு என்று சனி வரைக்கும் கட்டம் போட்டிருந்தேன். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் உத்தேசச் செலவு. மனைவி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை ஒரு தடவை படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

காய்க்கு அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை அது, 1999 நவம்பர் 14ஆம் தேதி திறந்தது. விளைவித்தவரே அடையாள அட்டையோடு வந்து உட்கார்ந்து விற்பார். அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். ஊரே விடியற்காலையில் போய்ப் பிஞ்சு வெண்டைக்காய் பொறுக்கும். நான் புத்திசாலி அல்லவா, கடைசியில் போனால் இன்னும் மலிவு என்று ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு போவேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "தம்பி, மிச்சம் இருக்க கூறப் பூராத்தையும் எடுத்துக்க, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொன்னபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை இங்கே எழுதிக் காட்ட முடியாது. அந்த வாரம் எங்கள் வீட்டில் சுரைக்காய் சாம்பார், சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய்ப் பொரியல், சுரைக்காய்த் தோல் துவையல். வெள்ளிக்கிழமை மிச்சம் இருந்த சுரைக்காயை எதிர்வீட்டு அக்காவிடம் நீட்டினேன். "ஏன் தம்பி, யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

பெரியவர்கள் நாங்கள் எதையும் விழுங்கிவிடுவோம். பட்டியலில் நான் கணக்கில் எடுக்காத உருப்படி பாப்பா.

வயது இரண்டரை. பாப்பா தயிர்ச்சோறு சாப்பிடும் முறையைச் சொன்னால் மற்றது புரிந்துவிடும். தட்டை முதலில் முகத்துக்கு நேராக இழுத்துக்கொள்வாள். குனிந்து பார்ப்பாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு கடுகைப் பிடிக்கும். "பூச்சி." அதைத் தட்டின் விளிம்பில் வைப்பாள். அடுத்த கடுகு. அதுவும் விளிம்புக்கு. எல்லாக் கடுகும் வெளியே வந்து வரிசை கட்டும் வரைக்கும் ஒரு பருக்கை உள்ளே போகாது. வேலை முடிந்ததும் எழுந்துவிடுவாள். தாளிக்காமல் கொடுத்தால்? "பூச்சி எங்க?" என்று அழுகை.

வாழைப்பழத்தை உரித்துக் கொடுக்கும்போது நுனி ஒடிந்துவிட்டால் அதைத் திரும்ப ஒட்டித் தர வேண்டும். தோசை வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் மொறுமொறுவென்று இருக்கக் கூடாது. நேற்று விரும்பித் தின்ற உருளைக்கிழங்கு இன்று "ச்சீ". கடையில் இப்படி நாளுக்கொரு நியாயம் பேசுகிற வாடிக்கையாளர் வந்தால் மரியாதையாக அடுத்த கடைக்கு வழி காட்டிவிடலாம்.

தந்திரத்தில் இறங்கினேன். முதல் தந்திரம் கீரை. சிறுகீரையை வேகவைத்து மிக்ஸியில் மைய அரைத்துத் தோசைமாவில் கலந்தேன். ஒரு கரண்டி மாவைத் தனியே எடுத்துக் கலந்து பார்த்திருக்கலாம். அந்த யோசனை, மூன்று நாள் மாவு இருந்த தூக்குச்சட்டி முழுவதையும் பச்சையாக்கிய பிறகுதான் வந்தது. பாப்பா தோசையைப் புரட்டிப் பார்த்தாள். அடிப்பக்கமும் பச்சை. தட்டை என் பக்கம் தள்ளினாள். இட்லி பச்சை, ஊத்தப்பம் பச்சை, பணியாரம் பச்சை என்று அந்தச் சட்டி காலியாகும் வரை நானும் மனைவியும்தான் தின்றோம்.

இரண்டாவது தந்திரம் பீட்ரூட். துருவி, சர்க்கரை கொஞ்சம் தூவிப் பாலில் வேகவைத்துக் கொடுத்தேன். ஆச்சரியம், கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். அன்று ராத்திரி நான் வெற்றிக் களிப்பில் தூங்கினேன். காலையில் டயப்பரைக் கழற்றியவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். சிவப்பு. ரத்தம்தான் என்று முடிவுகட்டி, ஆட்டோ பிடித்து, டோக்கன் போட்டு, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா ஒரே கேள்வி கேட்டார்.

"நேத்து பீட்ரூட் குடுத்தீங்களா?"

ஆட்டோவும் ஃபீஸும் சேர்ந்து அந்த மாதம் நான் உழவர் சந்தையில் மிச்சம் பிடித்த காசு மொத்தத்தையும் விழுங்கின. கொடுத்த காசுக்கு ஏதாவது தேற்ற வேண்டும் என்று, இவள் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள் என முறையிட்டேன். டாக்டரம்மா எடை போட்டுப் பார்த்தார். எடை சரியாக இருந்தது. முதல் வருஷத்தில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல மூன்று மடங்காகிறது. அதற்குப் பிறகு வருஷத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும், அதனால் பசி தானாகவே குறையும் என்றார். புதிதாக ஒரு காயைக் கொடுத்தால் பத்துப் பதினைந்து தடவையாவது தட்டில் பார்த்துப் பழகிய பிறகே சில குழந்தைகள் வாயில் வைக்கும். ஒளித்து ஊட்டினால் அந்தப் பழக்கம் எப்படி வரும்? அப்புறம், "பால் எவ்வளவு குடிக்கிறா?" என்றார்.

இங்கேதான் கணக்கெழுதுகிறவன் மாட்டிக்கொண்டான். சோறு இறங்காத போதெல்லாம், வயிறு காயக் கூடாது என்று ஒரு டம்ளர் பால் கொடுப்பது என் வழக்கம். காலையில் ஒன்று, மதியம் சோற்றைத் தள்ளியதும் ஒன்று, சாயந்தரம் ஒன்று, ராத்திரி ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஒரு லிட்டரை நெருங்குகிறது. இந்த வயதுக்கு நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போகக் கூடாதாம். போனால் பசி எடுக்காது, இரும்புச்சத்தும் குறைந்து ரத்தசோகை வரும். இரும்புக்கடைக் குமாஸ்தா வீட்டுக் குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவா என்று டாக்டரம்மா கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். என் பட்டியலில் ஒவ்வொரு காய்க்கும் விலை போட்டிருந்தேன். மாதச் செலவில் பெரிய தொகையான பாலுக்குக் கட்டமே போடவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் செல்போனில் குழந்தைச் சாப்பாடு பற்றித் தேடிப் படித்ததில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க டாக்டரம்மா அகப்பட்டார். 1920களில் தொடங்கி, தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்குத் தாங்களே உணவைத் தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறார். 34 வகை உணவு. ஒவ்வொரு வேளையும் அதில் சிலவற்றைத் தட்டில் வைப்பார்கள். நர்ஸ் கரண்டியோடு சும்மா உட்கார்ந்திருப்பார். குழந்தை கை காட்டியதைத்தான் ஊட்ட வேண்டும், இதைச் சாப்பிடு என்று சொல்லவோ முகம் சுளிக்கவோ கூடாது. எந்த இரண்டு குழந்தைகளும் ஒரேமாதிரி சாப்பிடவில்லை. எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்த மீன் எண்ணெயைத் தானாகவே குடித்திருக்கிறது. குணமானதும் விட்டுவிட்டதாம்.

படித்ததும் எனக்குள் ஒரு வீரம் பிறந்தது. நாளையிலிருந்து பாப்பா இஷ்டம்தான். ஆனால் கீழே ஒரு விஷயம் இருந்தது, அதையும் அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார்: சூட்சுமம் எல்லாம் உணவுப் பட்டியலில்தான். காய், பழம், தானியம், முட்டை, பால், கறி என்று எல்லாம் கலப்பில்லாத பொருள்கள். சர்க்கரை இல்லை. எதைத் தொட்டாலும் நல்லது என்றால் எதைத் தொட விட்டால் என்ன? எங்கள் வீட்டு அலமாரியிலோ ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுகள் சரமாகத் தொங்குகின்றன. ஒரு வாய் சோறு, ஒரு பிஸ்கட் என்று பேரம் பேசுவதற்காக நானே வாங்கிவந்தவை. சில்லறையாக வாங்கியதால் மாதக் கணக்கில் அதுவும் ஏறவில்லை.

இதற்கு நடுவே ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கடுகைப் பூச்சி என்று தள்ளுகிற பாப்பா, எதிர்வீட்டு அக்கா வீட்டில் மிளகு ரசம் ஊற்றிய சோற்றைக் கடுகோடு சாப்பிடுகிறாள். அக்கா ஒன்றும் வித்தை காட்டுவதில்லை. தன் பிள்ளைகளோடு உட்கார வைத்து, எல்லாருக்கும் போட்டதையே போட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விடுகிறார். தெருமுனைப் பால்வாடியிலும் இதே கதை. இரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்கு அங்கே மதியச் சாப்பாடு உண்டு, வாரத்தில் மூன்று நாள் முட்டையும் உண்டு. மாச சம்பளக்காரன் வீட்டுப் பிள்ளை பால்வாடிக்குப் போவதா என்று ரொம்ப நாள் அனுப்பாமல் இருந்தேன். சத்துணவு முட்டை தின்று வளர்ந்த ஆள் நான். ரேஷன் அரிசியை எண்ணி எண்ணி இட்லியாக்கியவனுக்கு இந்தக் கௌரவம் எங்கிருந்து வந்ததோ. அனுப்பிய பிறகு ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பையன் தின்பதைப் பார்த்து மஞ்சள்கருவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் மஞ்சள்கரு என்றால் ஊரைக் கூட்டுகிற பெண்.

இத்தனை பேர் கைகொடுக்கும்போது நன்றியோடு இருக்க வேண்டும் என்று தோன்றியது. எதையும் எழுதிவைத்தால்தான் எனக்கு நிற்கும். கடையில் சிமெண்ட் கம்பெனிக்காரர் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. தினமும் தூங்கப் போகுமுன் நன்றி சொல்ல வேண்டியவற்றை அதில் எழுதுவது என்று தீர்மானம். எழுதவும் செய்தேன். முருங்கைக்காய் விலை இறங்கியதற்கு நன்றி. எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி. பால்வாடி ஆயாம்மாவுக்கு நன்றி. டாக்டரம்மாவுக்கு (ஃபீஸ் போக) நன்றி. மாவு புளிக்காமல் இருந்ததற்கு நன்றி. கூறு கட்டிக் கொடுத்த பாட்டிக்குக்கூட ஒரு வரி.

மளிகைச் சீட்டு எழுதத் தாள் தேடிய மனைவியின் கையில் டைரி அகப்பட்டது. பக்கம் பக்கமாகப் படித்தாள். கோபம் ஒன்றும் இல்லை, சிரிப்புதான்.

"ஏங்க, முருங்கைக்காய்க்கெல்லாம் நன்றி எழுதியிருக்கீங்க. எம் பேர எங்கயும் காணோமே?"

நான் டைரியைத் திருப்பிப் பார்த்தேன். ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும் என்று நிஜமாகவே நம்பினேன். இல்லை.

அவள் டைரியை மூடிவிட்டு ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினாள். "அந்தத் தாள்ல திங்கக்கெழம கீரைக்கூட்டுன்னு எழுதி, எட்டு ரூபான்னு போட்டிருக்கீங்கள்ல? ஏழரைக்கு நான் பஸ் ஏறணும். அந்தக் கீரைய யாரு ஆயிறது?"

பதில் இல்லை. மாவு அரைப்பது யார், பணியாரக் குழியில் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவது யார், சுரைக்காய்த் தோலைத் துவையலாக்கியது யார், பச்சை தோசையை முகம் கோணாமல் தின்றது யார் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் ஒன்றுதான். எட்டு ரூபாய்க் கீரைக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்பதை அந்தக் கட்டத்தில் எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஞாயிறு ராத்திரிக் கீரை என் பொறுப்பு. சிறுகீரை என்றால் வேர் மண்ணைத் தட்டி, பூச்சி அரித்த இலையைக் கழித்து, முற்றிய தண்டை ஒடித்துப் போட வேண்டும். அலசுவது மூன்று தண்ணீர், மூன்றாவதிலும் மணல் இறங்கினால் நாலாவது. முருங்கைக்கீரை என்றால் பழைய வேட்டித் துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்துவிடுவேன், காலையில் உதறினால் இலை தானே உதிரும். இதைச் சொல்லிக்கொடுத்ததும் மனைவிதான். அவள் பெயரை டைரியில் எழுதினேன். காட்டினேன். "சரி, மொதல்ல காம்பெல்லாம் பொறுக்கி எடுங்க, கூட்டுல தட்டுப்படுது" என்றாள்.

பால் அரை லிட்டரோடு நிற்கிறது. பிஸ்கட் சரத்தில் இன்னும் இரண்டு பாக்கெட் பாக்கி, அவற்றை நானே தின்றுகொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை தோறும் பாப்பாவின் தட்டில் ஒரு ஸ்பூன் கீரைக்கூட்டு வைக்கிறோம். அதிலிருக்கும் கடுகை மட்டும் பொறுக்கி விளிம்பில் அடுக்குகிறாள். கீரை இன்னும் சாப்பிடவில்லை.