ரசீது கிழிக்காதே, பனமரம்!

வாடா பனமரம். நிலை தாழ்வு, குனிஞ்சி வா. ஆறடிக்கு மேல வளர்ந்தவனுக்கு எங்க ஊர்ல முதல் மரியாதை நெத்தியிலதான். மூணு வாரத்துல மூணு தடவை இடிச்சிக்கிட்ட. இப்பதான் கொஞ்சம் குனியப் பழகியிருக்க. பாதித் தமிழ் வந்த மாதிரிதான் அது.

நேத்து என் வீட்டுக் கிழவிகிட்ட, "எனக்கு இங்க ஒரு குடும்பம் கெடச்சிடுச்சி"ன்னு சொன்னியாமே? அவ முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கிட்டா. நான் தொடச்சிக்கலை. எனக்குக் கல்யாணமாகி நாப்பத்தி மூணு வருஷம். மாமனார் வீட்டுல நான் குடும்பமா விருந்தாளியான்னு இன்னும் தீர்ப்பு வரலை. நீ மூணு வாரத்துல கேசை ஜெயிச்சிட்டேங்கற!

உங்க ஜெர்மன் சர்க்காரு 2008லேர்ந்து 18 வயசுக்கும் 28 வயசுக்கும் நடுவுல இருக்கற பசங்களை ஊர் ஊரா அனுப்புதாமே, வெல்ட்வெர்ட்ஸ்னு. அந்தப் பேரை இன்னொரு தடவை சொன்னா என் பல்செட்டு கழண்டு விழும். சேவை செய்ய வந்தேங்கற. யாரு யாருக்குடா சேவை? நீ நட்டது நாப்பது கன்னு. உன்னை நட்டு வேர் புடிக்க வைக்க எங்க தெருவே தண்ணி ஊத்துது. காரம் தாங்காத உனக்குத் தனி ரசம். வயிறு கெட்டா ஓமத்தண்ணி. நீ ஓட்டற சைக்கிளுக்கு வழியெல்லாம் நாய் விரட்டற ஆளு வேற.

இரும்பை கோயில்ல, வெடிச்ச லிங்கத்தைச் செப்புத்தகடு போட்டுச் சேர்த்து வெச்சிருக்கறதைப் பாத்தியா? கடுவெளிச் சித்தர் கோவத்துல பாட, லிங்கம் தெறிச்சிதாம். இந்தப் பூமி பொட்டலாப் போவட்டும்னு சாபமும் விட்டாராம். அப்புறம் மனசு இளகி, தூரதேசத்துலேர்ந்து ஆளுங்க வந்து பச்சையாக்குவாங்கன்னாராம். எங்க பக்கத்துக் கதை இது. வருவாங்கன்னு சொன்ன சித்தரு, ஒரே வருஷத்துல விசா முடிஞ்சி பொட்டியைக் கட்டுவாங்கன்னு சொல்லாம போயிட்டாரு.

1968 பிப்ரவரி 28. நான் பத்து வயசுப் பொடியன். எங்க பக்கத்துல ஆரோவில் ஆரம்பிச்ச அன்னிக்கி 124 நாட்டு மண்ணுல ஒவ்வொரு புடி கொண்டாந்து, தாமரை மொட்டாட்டம் ஒரு பளிங்குத் தாழியில போட்டாங்க. வாயைப் பொளந்து பாத்தேன். எங்க செம்மண்ணு இருக்கே, அது அந்தத் தாழியைச் சீந்தவே இல்லை. மழைக்கு மழை ரத்தமா கரைஞ்சி கடலுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சி. ஊரு மண்ணெல்லாம் உள்ள வந்து உக்கார, உள்ளூர் மண்ணு கப்பலேறப் போன கதை!

அப்புறம்தான் கரை கட்டித் தண்ணியை நிறுத்தி மரம் வெச்சாங்க. முதல்ல வந்தது ஆஸ்திரேலியாக்காரன், கத்திச்சவுக்கு. பொட்டல்ல மளமளன்னு வளந்து நிழல் போட்டுச்சி, சருகு உதிர்த்து மண்ணைத் தேத்திச்சி. அந்த நிழல்லதான் எங்க ஊரு வீரையும் கருங்காலியும் மெதுவாத் தலைதூக்கிச்சி. 2011 டிசம்பர் 30ல ஒரு புயல் வந்துச்சி. தானேன்னு பேரு, தானே வந்து தானே போயிடுச்சி. கத்திச்சவுக்கு கொத்துக்கொத்தா சாஞ்சிது. ஆனா அதுக்குள்ள அது வேலையை முடிச்சிருந்துச்சி. கோவிச்சிக்காதே பனமரம், நீயும் கத்திச்சவுக்குதான். ஒண்ணைக் கவனிச்சியா? சவுக்கு நிழலுக்கு வாடகை கேக்கலை. வீரையும் தேங்க்ஸ் சொல்லலை. கணக்கு முடியாமக் கெடக்கு. அதுக்குப் பேருதான் உறவு.

அதனால மூணு விஷயம் சொல்றேன், காதுல போட்டுக்கோ.

ஒண்ணு, கண்டவனை மாமாங்காதே. அண்ணன்னா சும்மாப் போயிடும். மாமான்னா அவன் பொண்ணு உனக்கு முறைப்பொண்ணு. போன வாரம் டீக்கடையில ஒரே காலையில ஏழு பேரை மாமான்னியாம். ஏழு வீட்டுலயும் பொண்ணு இருக்கு. ரெண்டு வீட்டுல பாத்திரச் சீரு கணக்கு போட ஆரம்பிச்சிட்டாங்க.

ரெண்டு, இந்த நன்றி. கிழவி தண்ணி குடுத்தா நன்றி, தட்டு வெச்சா நன்றி, தட்டை எடுத்தா நன்றி. நன்றின்னா எங்க ஊர்ல ரசீது கிழிக்கற மாதிரிடா. வாங்கினேன், குடுத்தேன், கணக்கு தீந்துது. பெத்தவகிட்ட எவனாவது ரசீது கிழிப்பானா? சோறு நல்லாயிருந்தா இன்னொரு கரண்டி கேளு. உப்பு கம்மின்னா கம்மின்னு சொல்லு. "வந்துட்டான் நாட்டாமை, நீயே வந்து ஆக்கு"ன்னு அவ கரண்டியைத் தூக்கற அன்னிக்குதான் நீ வீட்டு ஆளு.

மூணு, மொய். போன முகூர்த்தத்துல இருநூத்தியொண்ணு நீட்டிட்டு, "திருப்பித் தர வேணாம்"னுட்ட. எழுதறவன் திகைச்சிப்போயி பேனாவை மூடிட்டான். திருப்பித் தர வேணாம்னா நீ யாரு, பாரி வள்ளலா? திருப்பணும்னுதான்டா நோட்டுப் போட்டு எழுதறோம்! உன் கல்யாணத்துக்கு அந்த இருநூத்தியொண்ணைத் தூக்கிக்கிட்டு இங்கேர்ந்து ஒருத்தன் வரணும். வர முடியலைன்னா காலமெல்லாம் "அந்தப் பையனுக்குச் செய்யலையே"ன்னு புலம்பணும். நான்தான் பேனாவைத் திறக்க வெச்சி, "பனமரம், ஜெர்மனி, 201"ன்னு எழுதச் சொன்னேன். அந்த ஒத்தை வரிதான்டா உன் குடும்ப அட்டை.

சரி, எழுந்திரு. கொல்லையில கன்னுக்குட்டி முளையைப் புடுங்கிக்கிட்டு நிக்குது. புடிச்சிக் கட்டிட்டு வா. கட்டினதுக்கு என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது, இப்பவே சொல்லிட்டேன். பாத்து, பின்கட்டு நிலை இன்னும் தாழ்வு, குனி...

நாலாச்சி.