அறுபதாயிரம் ரூபாய்ச் சவரம்

ஸ்காபரோ,
சனிக்கிழமை இரவு

அன்பின் அப்பாவுக்கு,

உங்கட சுகத்தைத் தங்கச்சி சொல்லி அறிஞ்சன். என்ர கூத்துகளையும் அவள்தான் அங்க ஒலிபரப்புறாள் எண்டு உங்கட கடிதத்தைப் பார்க்க விளங்குது. "தாடி வழிக்கிற சாமானுக்கு அறுபதாயிரம் குடுத்தனியாம், உண்மையோ?" எண்டு கேட்டிருக்கிறியள். உண்மைதான். ஆனால் அவள் அதை ரூபாயில சொன்னது பிழை. இங்க அது வெறும் 280 டொலர்.

துருப்பிடிக்காத உருக்கைக் கடைஞ்சு செய்த ரேசர், அப்பா. கையில எடுத்தால் பெரியப்பாவின்ர திறப்புக் கோர்வை மாதிரிப் பாரம். அதுக்குள்ள போடுற பிளேட் என்னெண்டால், நீங்கள் காலமை காலமை போடுற அதே பிளேட்தான். இரண்டு பக்கமும் கூர், நடுவில ஓட்டை, தடிப்பு 0.1 மில்லிமீற்றர்.

ஏன் வாங்கினன் எண்டதுக்குக் கணக்கு இருக்கு. நீங்கள் வங்கியில இருந்தவர், சரி பாருங்கோ. முந்தி நான் பாவிச்ச அஞ்சு பிளேட் தலை எட்டு, 45 டொலர். கிழமைக்கு ஒண்டு போகும், அப்ப வருஷத்துக்கு 290ஐத் தாண்டுது. இரட்டைக் கூர்ப் பிளேட் நூறு 20 டொலர். கிழமைக்கு இரண்டு மாத்தினாலும் ஒரு வருஷம் இழுக்கும். கிட்டத்தட்ட முதல் வருஷத்திலேயே ரேசர்க் காசு திரும்பிடும். இதை விளக்கிக்கொண்டு நிக்கேக்க உங்கட மருமகள் கேட்டா: "நாப்பது டொலர் ரேசருக்குள்ளயும் உதே பிளேட்தானே போகும்?" நான் பதில் சொல்லேல்லை. வாயெல்லாம் நுரை.

அந்த நுரையும் லேசில வந்த நுரை இல்லை. அங்க அம்பத்தளையில இருந்து வாற களனி ஆத்துத் தண்ணிக்குச் சவுக்காரத்தைக் காட்டினாலே காணும், பொங்கும். இங்க ஒன்ராரியோ ஏரித் தண்ணி கொஞ்சம் வன்னீர். பிரஷும் கிண்ணமும் வைச்சு, கோவிலில சந்தனம் அரைக்கிற மாதிரி நிண்டு சுத்தவேணும். முதல் நாளே மூண்டு இடத்தில வெட்டு. அஞ்சு பிளேட் தலையை அழுத்தி இழுத்துப் பழகின கை. இதை அழுத்தக்கூடாதாம், ரேசரின்ர பாரமே காணுமாம், 30 பாகை சரிவில பிடிக்கவேணுமாம்.

இரத்தம் நிக்க எண்டு மரப்பெட்டியில ஒரு கல்லு, 15 டொலர். நனைச்சுத் தேய்ச்சன். உதட்டில பட்ட உடன நாக்குக்குத் தெரிஞ்சிட்டுது: சீனாக்காரம்! எங்கட ஒழுங்கைச் சலூன்காரர் வழிச்சு முடிய முகத்தில தேய்ப்பாரே, அதே சாமான். பிளேட்டைக் கடதாசியோட மடிச்சு 'டக்' எண்டு இரண்டாய் முறிச்சு, பாதியைக் கத்தியில செருகி, மற்றப் பாதியைக் கண்ணாடிக்குக் கீழ அடுத்த ஆளுக்கு வைக்கிறவர். கடற்கரைப் பாதையில ரயில் வரேக்க கதிரை கிடுகிடுக்கும். அப்ப கத்தியைக் கன்னத்தில இருந்து எடுத்து ஒரு விரல் தூரத்தில பிடிச்சுக்கொண்டு நிப்பார். கடைசிப் பெட்டி தாண்டினாப் பிறகுதான் மிச்சக் கன்னம். வீரகேசரியைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறன். என்ர 280 டொலர்ச் சாமானுக்கு அந்தப் புத்தி கிடையாது. எங்கட வீட்டுப் பக்கம் ரயிலும் கிடையாது, நான் தும்மினாலே போதும்.

இனித்தான் விஷயம். எங்கட வீடு 1950களில கட்டினது. குளியலறைக் கண்ணாடி அலுமாரியின்ர பின்பக்கத்தில ஒரு சின்ன வெட்டு இருக்கு, உண்டியல் வாய் மாதிரி. மூண்டு வருஷமா அது காத்துப் போற வழி எண்டுதான் நினைச்சிருந்தன். போன மாதம் தண்ணிக் குழாய் ஒழுகி, திருத்த வந்தவர் சுவரை வெட்டினார். உள்ளுக்க இருந்து சரசரவெண்டு கொட்டிச்சுது, கறள் பிடிச்ச பிளேட்! ஒரு ஐஸ்கிறீம் வாளி நிரம்பினாப் பிறகும் நிக்கேல்லை. அவர் சிரிக்கிறார். அந்தக் காலத்தில இங்க கனக்க வீடுகளில உப்பிடித்தானாம். பாவிச்ச பிளேட்டை வெட்டுக்குள்ள போட்டால் சுவருக்குள்ள விழுந்து கிடக்கும். "சுவர் நிரம்பினால்?" எண்டு கேட்டன். "அதுக்கிடையில வீட்டை வித்திடுவினம்" எண்டார்.

வாங்கினது நான், அப்பா. 25 வருஷக் கடன் எடுத்து, ஆரோ ஒரு வெள்ளைக்காரன்ர தாடி வரலாற்றையும் சேர்த்து வாங்கியிருக்கிறன்.

இந்தப் பிளேட், கிங் காம்ப் ஜில்லெட் எண்டவர் 1904இல காப்புரிமை எடுத்த வித்தை. தீட்டத் தேவையில்லை, மழுங்கினால் எறி. 1903இல வித்தது 51 ரேசரும் 168 பிளேட்டும்தானாம், அடுத்த வருஷம் ரேசர் மட்டும் 90,000. எறியிறதுக்கெண்டே ஒரு சாமான் செய்தவர், எங்க எறியிறது எண்டு மட்டும் சொல்லேல்லை. சந்திரனுக்கு ஆள் அனுப்பின கண்டம் பிளேட்டைச் சுவருக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கு. உங்கட பிளேட் ஒண்டும் எறிபட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாவின்ர தையல் மிசின் லாச்சியில நூல் பிரிக்க ஒண்டு, எங்கட பென்சில் பெட்டிக்குள்ள ஒண்டு. மிச்சம் பேப்பரில சுத்தி அலுமாரிக்கு மேல, எங்களுக்கு எட்டாத உயரத்தில.

சுவரை மூடச் சொன்ன உங்கட மருமகள் அந்த வெட்டையும் அடைக்கச் சொன்னா. நான் விடேல்லை. இதுவரைக்கும் பதினொரு பிளேட் போட்டிட்டன். இப்ப உள்ளுக்க வெறுமை எண்டபடியால் விழுற சத்தம் நல்லாக் கேக்கும்.

பெறுமதியோ எண்டு கேட்டியள். வழிக்கிறது பிளேட், அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுக்குத்தான் 280 டொலர். ஆடிவேலுக்கு வரேக்க கொண்டு வந்து காட்டுறன், நீங்களே வழிச்சுப் பாருங்கோ. விமானத்தில கைப்பையோட ரேசரை விடுவினம், பிளேட்டை விடமாட்டினம். லாச்சியில ஒண்டு எடுத்து வையுங்கோ.

அன்பு மகன்

பி.கு.: அம்மாவுக்கு விலையை டொலரில மட்டும் சொல்லுங்கோ.