பி-2 ஆசாமி

மாலை ஆறரைக்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம் போனால் பி-2 ஆசாமியைப் பார்க்கலாம். தொடக்க நிலையான ஏ-1 வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ‘போன்ஷூர்’ சொல்லிக்கொண்டு கும்பலாக வருவார்கள். இவர் தனியாக வருவார். ‘ல மோந்த்’ பத்திரிகைக் கட்டுரை ஒன்றை அச்செடுத்து, மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மூன்று ஹைலைட்டர்களால் தேய்த்து வைத்திருப்பார். வண்ணம் படாத இடம் என்று தேடினால் பக்க எண் மட்டும் கிடைக்கும்.

வயது முப்பத்திரண்டு. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. ‘தமிழ்ல மார்க் அள்ள முடியாதுடா’ என்று அப்பா சொன்னதால் பள்ளியில் பிரெஞ்சு எடுத்து, மார்க்கை அள்ளி, பொதுத்தேர்வு முடிந்த மறுநாளே மொத்தத்தையும் மறந்தவர். கனடா ஆசை வந்ததும் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். ஏ-1, ஏ-2, பி-1 என்று விறுவிறுவென ஏறி, பி-2 படியில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

பி-1 வரைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் நல்லவர்கள். ரயில் எத்தனை மணிக்கு, வாடகை எவ்வளவு என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். பி-2 வந்ததும் வாதம் செய்ய ஆரம்பிக்கிறார்கள். டெல்ஃப் எனும் பிரெஞ்சுச் சான்றிதழுக்கான பி-2 தேர்வில் வாசிப்புப் பகுதிக்கு 1 மணி நேரம், 25 மதிப்பெண். அகராதிக்கு அனுமதி இல்லை. என்ன நடந்தது என்று கேட்டால் ஆசாமி சொல்லிவிடுவார். எழுதினவர் எந்தக் கட்சி என்று கேட்டால்தான் திணறுகிறார்.

2018-இல் பிரான்ஸ், தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் மாணவர்கள் மொபைல் பயன்படுத்தச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. வாதக் கட்டுரைக்கு அல்வா மாதிரித் தலைப்பு. அப்படி ஆசாமிக்கு வந்த ஒரு கட்டுரையில், மொபைல் கவனத்தைக் கெடுக்கிறது, தூக்கத்தைத் தின்கிறது என்று முதல் பத்தி சொன்னது. ஆசாமி மஞ்சள் பூசி, ‘ஆசிரியர் தடைக்கு ஆதரவு’ என்ற விடையில் டிக் போட்டார். அந்தப் பத்தியின் தலையில் ‘செர்த்’ என்று ஒரு சின்னச் சொல் இருந்ததைக் கவனிக்கவில்லை. ‘வாஸ்தவம்தான்’ என்று பொருள். எதிராளியின் கருத்தை நடுக்கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, அடுத்த பத்தியில் ‘மே’, அதாவது ‘ஆனால்’, என்று காலை வாருவது பிரெஞ்சுக் கட்டுரையாளர்களின் குலவழக்கம். ஆசாமி காபியைக் குடித்த கையோடு எழுந்து வந்துவிட்டார்.

நீளச் சொற்களுக்கு அவர் அஞ்சுகிறவர் அல்ல. ‘அரசியல் சாசனத்துக்கு முரணாக’ என்று பொருள்படும் 25 எழுத்துச் சொல் ஒன்று பிரெஞ்சில் உண்டு. மூச்சு விடாமல் சொல்வார். கவிழ்ப்பதெல்லாம் ‘ஓர்’ என்கிற இரண்டெழுத்துச் சொல்தான். ஆங்கில ஞாபகத்தில் ‘அல்லது’ என்று எடுத்துக்கொள்வார். அகராதியைப் புரட்டினால் ‘தங்கம்’ என்று இருக்கும். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அது தங்கமும் இல்லை. ‘ஆனால் பாருங்கள், நிலைமை வேறு’ என்று வாதம் திரும்பும் முனை. ‘ஸான் தூத்’ இன்னொரு பள்ளம். சொல்லுக்குச் சொல் ‘சந்தேகமில்லாமல்’, புழக்கத்தில் ‘அநேகமாக’. மந்திரி ராஜினாமா செய்த செய்தியைப் பத்திரிகை ‘கோந்திஸியோனெல்’ வினைவடிவில் எழுதினால் ‘செய்துவிட்டாராம்’ என்று அர்த்தம். சொல்லிக்கொள்கிறார்கள், தனக்குப் பொறுப்பில்லை என்று நிருபர் கை கழுவுகிறார். ஆசாமியோ மந்திரியை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர் தமிழில் சூரர். தங்கைக்கு வரன் பார்க்கும் தரகர் போனில், “பையன் தங்கமான பையன்தான் சார், சம்பளமும் நல்ல சம்பளம்தான்...” என்று இழுத்தபோது, இரண்டாவது ‘தான்’ விழுந்த மாத்திரத்தில் குறுக்கிட்டார்: “அந்த ‘ஆனா’வைச் சொல்லுங்க!” பிளம்பர் “கண்டிப்பா வந்துடறேன் சார்” என்றால் அன்று வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பார். குடியிருப்புச் செயலாளர் ‘விலகிட்டாராம்’ என்ற வாட்ஸ்ஆப் சேதியை ஒருநாளும் நம்பியதில்லை. செர்த், ஸான் தூத், கோந்திஸியோனெல் மூன்றும் அவர் வீட்டுக்குள்ளேயே வளைய வருகின்றன. பிரெஞ்சு உடுப்பில் வந்தால்தான் அடையாளம் தெரிவதில்லை.

வகுப்பு மேடம் இதைக் கண்டுபிடித்து வைத்தியம் சொன்னார். “கலரெல்லாம் தூக்கிப் போடுங்க சார். ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்துலயும் பென்சிலால ‘இவர்’ இல்லேன்னா ‘அவர்’னு மட்டும் எழுதுங்க. எழுதினவரே பேசினா இவர். யாரையாவது பேசவிட்டா அவர்.” கட்டுரையின் சொற்களை அப்படியே எடுத்து வைத்திருக்கும் விடைதான் பெரும்பாலும் கண்ணி, அதே கருத்தை வேறு சொல்லில் சொல்லும் விடையை முதலில் பாருங்கள் என்றும் சொன்னார். அன்று முதல் ஆசாமிக்குப் பாதி விடைகள் சரியாக வந்தன. நியாயமாகச் சொன்னால், பாதிக்கும் கொஞ்சம் மேலே.

உற்சாகத்தில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூவைத் தொட்டதுதான் வினை. ‘சட்டங்களின் ஆன்மா’ என்ற 1748-ஆம் வருஷ நூலில், அடிமை முறையை ஆதரிப்பவரின் குரலில் பேசி, அந்த வாதங்களெல்லாம் தாமாகவே அசடு வழியும்படி அவர் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் பள்ளிகளில் கிண்டல் எழுத்துக்கு உதாரணமாகக் காட்டுவது அதைத்தான். ஆசாமி ஓரம் முழுக்க ‘இவர்’ ‘இவர்’ என்று எழுதி, “இவ்வளவு பெரிய மனுஷன் இப்படியா மேடம்?” என்று வருத்தப்பட்டார். மேடம் பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த இடி கனடாவிலிருந்து வந்தது. டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் அந்நாட்டின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத்துக்கு அது செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வு எழுத வேண்டும். அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் 2 வருஷம். முப்பது தொட்டதிலிருந்து பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் வயதுக்கான புள்ளியும் குறைந்துகொண்டே போகும்.

ஆசாமி டெஃப் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டார். “இந்தத் தடவை பாஸாயிடுவீங்களா சார்?” என்று ஏ-1 பிள்ளை ஒன்று கேட்டது. “ஸான் தூத்!” என்றார் கம்பீரமாக.

இம்முறை சொல்லைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.