தலை எண்ணி ஏற்றியமைக்கு நன்றி

ஒருநாள் மரபுச் சுற்றுலாவை நடத்திவரும் ஏற்பாட்டாளர் சமூகத்துக்கு,

'கிளைவ் வாழ்ந்த மாளிகையும் கிழக்கின் வெஸ்ட்மின்ஸ்டரும்' என்ற உங்கள் துண்டறிக்கையைப் பார்த்து, சிற்றுண்டி உட்படப் பணம் கட்டிவிட்டு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். பொங்கலில் முந்திரி இருந்தது. குறை சொல்வதற்கென்றே பேனா எடுக்கிறவன் என்று பெயர் வாங்கக் கூடாது; ஆகவே அதை முதலில் பதிவுசெய்துவிடுகிறேன்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் சோதனை முடிந்து நுழைந்ததும் உங்கள் வழிகாட்டித் தம்பி மஞ்சள் கொடியை உயர்த்தினார். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்ததில் பெரும்பகுதி அந்தக் கொடிதான். கிளைவ் மாளிகைக்குள் தொல்லியல் துறை அலுவலகம் இருக்கிறது. எனவே மாளிகையைத் தெருவில் நின்றே தரிசித்தோம். "போட்டோ எடுக்கிறவங்க எடுத்துக்கலாம் சார்" என்றார் தம்பி. எடுத்துக்கொண்டோம். இளவயதுக் கிளைவ் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளப் பார்த்தும் துப்பாக்கி இரண்டு முறை வெடிக்கவில்லை என்று வழங்கும் கதையை, நெற்றிப்பொட்டில் விரல் வைத்து அவர் நடித்தே காட்டினார். அந்த வீடு ஓர் ஆர்மீனிய வணிகருடையதாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. 1753 பிப்ரவரியில் எதிரே இருக்கும் தேவாலயத்தில் கல்யாணம் முடித்த கிளைவ், அடுத்த மாதமே சீமைக்குக் கப்பலேறிவிட்டார். உங்கள் பயணத் திட்டத்துக்கு முன்னோடி அவர்தான் போலும்.

துண்டறிக்கையில் கிழக்கின் வெஸ்ட்மின்ஸ்டராக வந்த புனித மேரி தேவாலயத்துக்கு நீங்கள் ஒதுக்கியது 20 நிமிடம். 1678-இல் தொடங்கி 1680-இல் முடித்த கட்டடம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கூரையைக் கனத்த வளைவாக எழுப்பியிருக்கிறார்கள். தம்பியின் கையடக்க ஒலிபெருக்கியையும் அது தாங்கிக்கொண்டது. தலை எண்ணுவதற்காக எங்களை முற்றத்துக் கல்தளத்தில் நிறுத்தினார்களே, அவை கல்லறைக் கற்கள். பிற்காலத்தில் சட்டக் கல்லூரி இருந்த பக்கம் பழைய இடுகாடு இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அங்கிருந்த உயரமான சமாதிகளை மறைவாக வைத்துக்கொண்டு சுட்டது. முற்றுகை தீர்ந்ததும் சமாதிகளை அகற்றி, எழுத்துப் பொறித்த பலகைக் கற்களை இங்கே கொண்டுவந்து பாவினார்கள். என் செருப்புக்கும் பக்கத்தில் நின்ற மாமியின் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் பாதி தேய்ந்த லத்தீன் வரி ஒன்று தெரிந்தது. அதற்குள் கொடி நகர்ந்துவிட்டது.

தேவாலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கும் ஆளுநர் மன்றோவைக் காட்டாமல், திரும்பும் வழியில் பஸ் ஜன்னலில் அவருடைய குதிரைச் சிலையைக் காட்டினீர்கள். "அங்கவடி இல்லை, கவனிங்க!" கவனித்தோம்.

பிகட் விஷயத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. உள்ளே பெயரில்லாத கல் ஒன்று இருக்கிறது. நினைவாக என்று லத்தீனில் பொறித்ததோடு சரி. அதன் கீழே இருப்பவர் ஆளுநர் பிகட் பிரபு என்பார்கள். ஆர்க்காட்டு நவாபுக்குக் கும்பினி உத்தியோகஸ்தர்களே வட்டிக்குக் கொடுத்துவிட்டு, தஞ்சாவூர் விளைச்சலின் மேல் கண் வைத்திருந்த காலம். பால் பென்ஃபீல்டு என்கிற ஊழியர் தமக்கு வர வேண்டிய பாக்கி என்று காட்டிய தொகை அவருடைய சம்பளத்துக்குக் கனவிலும் கட்டுப்படியாகாதது. தஞ்சையை ராஜாவிடமே திருப்பித் தர வந்த பிகட் அந்தப் பாக்கியை ஏற்கவில்லை. 1776 ஆகஸ்டில் ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையே தன் ஆளுநரைக் கைதுசெய்தது. 1777 மே மாதம் காவலிலேயே இறந்துபோனார். (அவரும் ஒன்றும் துறவியல்லர். முதல் முறை ஆண்டுவிட்டு அவர் ஊருக்குக் கொண்டுபோன வைரம் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.) ஆளுநருக்கும் சபைக்கும் தகராறு என்றால் அந்தக் கோட்டையில் இன்றைக்கும் கூட்டம் கூடும். தனி டிக்கெட்டே போட்டிருக்கலாம் நீங்கள்!

நேரம் இல்லை என்பீர்கள். கைவினைப் பொருள் அங்காடிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? 1746-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னையிலிருந்து கிளைவ் உள்ளூர்க்காரர் வேஷம் போட்டுத் தப்பினார். உங்கள் அங்காடியில் அந்த வித்தையும் பலிக்காது. வாசல் ஒன்றுதான், பஸ்ஸையும் பூட்டிவிட்டீர்கள். கடைக்காரர் விலை சொல்லச் சொல்ல, எங்களுக்குப் பதிலாகத் தஞ்சாவூர் பொம்மைகள் தலையாட்டின.

ஆகவே ஒரு யோசனை. அங்காடிக்காரர் எங்கள் தலைக்கு இவ்வளவு என்று உங்களுக்குத் தருவதை, இனி நாங்களே கட்டணத்தோடு சேர்த்துத் தந்துவிடுகிறோம். அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தேவாலயத்துக்குக் கொடுங்கள். ரசீது வேண்டாம். பென்ஃபீல்டு காலத்திலிருந்து அந்தக் கோட்டையில் இதற்கெல்லாம் ரசீது கேட்கும் வழக்கம் இல்லை.

இப்படிக்கு,
ஜன்னலோர இருக்கைக்காரன்