சைலன்சர் சாஸ்திரம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். எஞ்சின் இல்லை, புகை இல்லை, சுவாமி நிதானமாகச் சுற்றி வருவார். பள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்த பையன்களான எங்களுக்கு அந்த நிதானம் பிடிபடவில்லை. எங்கள் கண்ணெல்லாம் கரையில் பேசினோடு உட்கார்ந்திருக்கும் தகரப் படகு வியாபாரி மேல்தான். எண்ணெய்த் திரியைக் கொளுத்தி வயிற்றுக்குள் தள்ளிவிட்டால் படகு படபடவென்று கத்திக்கொண்டு வட்டமடிக்கும். நகர்வதைவிடக் கத்துவது அதிகம். அதற்காகத்தான் வாங்கினோம்.

படகின் பின்னால் இரண்டு குழாய்கள் எட்டிப்பார்க்கும். உள்ளே இருக்கும் சின்னத் தகரப் பெட்டியில் நீர் ஆவியாகிக் குழாய்த் தண்ணீரைப் பின்பக்கம் உதைக்கும். ஆவி குளிர்ந்து சுருங்கியதும் தண்ணீர் திரும்ப உள்ளே வரும். போகும்போது நேராகப் பீறிடுகிறது, வரும்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. அந்த வித்தியாசத்தில்தான் படகு முன்னே போகிறது. தாமஸ் பியோ என்பவர் 1891-இலேயே பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை கேட்டிருக்கிறார். ஓடுவதற்கு ஒரு குழாய் போதும். இன்னொன்று, தண்ணீர் ஊற்றும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதற்கு. எங்கள் சித்தாந்தம் வேறு: ரெட்டைக் குழாய் என்றால் ரெட்டை வேகம். மைசூரில் செய்த யெஸ்டி மோட்டார் சைக்கிள், ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் மாட்டிக்கொண்டு வந்து அந்தச் சித்தாந்தத்துக்கு முத்திரை குத்தியது.

பிறகு ஆர்எக்ஸ் 100 வந்தது. 1985. 98 சிசி, 11 குதிரைத்திறன். பள்ளிப்பட்டில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தடதடப்பை மீறி ஒருவன் தன் வரவை அறிவிக்க வேண்டுமானால் அவன் வண்டியின் சைலன்சர் பெயருக்குத்தான் சைலன்சராக இருக்க முடியும். ஆகவே வண்டி வாங்கியவன் செய்த முதல் காரியம் பூஜை. இரண்டாவது காரியம், சைலன்சர் வாலுக்குள் சத்தத்தை அடக்கும் பேஃபிளை உருவி எறிவது.

எங்கள் மெக்கானிக் அண்ணன் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுவார். திருத்தணியோடு எங்கள் பக்கமும் ஆந்திராவிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-இல். அவர் நாக்குக்கு அந்த உத்தரவு வந்து சேரவில்லை. “உருவிடு ரா, பிக்கப் பிச்சுக்கும்” என்பார். பிக்கப்பை யாரும் அளந்ததில்லை. காதுதான் மீட்டர். டூ-டி ஆயில் கரி பிடித்து வண்டி திணறும்போது சைலன்சரைக் கழற்றி நெருப்பில் சுட்டு, கரியைத் தட்டிக் கொட்டுவார். அவர் செய்த வைத்தியங்களில் உண்மையிலேயே வேகம் கூட்டியது அது ஒன்றுதான். சத்தம் வராத வேலை என்பதால் யாரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆர்எக்ஸ் 100-இல் இருப்பது போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும்போது புகைவாசலும் திறந்தே இருக்கும். எரியாத கலவையில் கொஞ்சம் அப்படியே நழுவி வெளியேறிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்சட் கம்பெனியில் வால்டர் காடன் என்பவர் ஐம்பதுகளில் இதற்கு வழி செய்தார். குழாயை மெல்ல விரித்து, பிறகு குறுக்கினார். குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலை, நழுவிய கலவையை வாசல் மூடுவதற்குள் சிலிண்டருக்குள் திணித்துவிடும். 1961-இல் 125 சிசியில் 25 குதிரைத்திறன் எடுத்துக் காட்டினார். அதே வருஷம் செப்டம்பரில் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன இடத்திலிருந்தே மேற்கே தப்பி, அந்த ரகசியங்களோடு சுசூகியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே 50 சிசி உலகப் பட்டம் சுசூகிக்கு. திரும்பி வரும் ஓர் அலைக்காக ஒருவர் தேசத்தையே விட்டு ஓடியிருக்கிறார். அந்த அலையைக் குலைப்பதற்கு நாங்கள் மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது காலம் மாறிவிட்டது. பேஃபிள் இல்லாத சைலன்சர்களைப் பல ஊர்களில் போலீஸ் வரிசையாகப் படுக்க வைத்து, ரோடு ரோலர் ஏற்றி, போட்டோவும் எடுத்து வெளியிடுகிறது. அக்கா மகன் பெங்களூரிலிருந்து ஒரு பெட்ரோல் படகோடு வருகிறான். ஃபைபர் உடம்பு, தண்ணீரில் குளிரும் 26 சிசி ஜப்பான் எஞ்சின், கையில் ரிமோட். மணிக்கு 80 கிலோமீட்டர் தொடுமாம். எஞ்சினைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. பேச்செல்லாம் ட்யூன்டு பைப், அதாவது காடன் விரித்துக் குறுக்கிய அதே குழாய்.

“வாசல் எத்தனை டிகிரி திறந்திருக்குதோ அத 43,000-ஆல பெருக்கி, ஆர்பிஎம்மால வகுக்கணும் மாமா. 160 டிகிரி, 15,000 ஆர்பிஎம்னா, அலை மோதித் திரும்புற இடம் 459 மில்லிமீட்டர்ல இருக்கணும்.”

ஒன்றரை அடிக் குழாய்க்கு இவ்வளவு கணக்கு. எஞ்சினிலிருந்து வரும் வளைவுக் குழாயையும் பைப்பையும் ஒரு சிலிக்கான் ரப்பர் இணைக்கிறது. அதைத் தளர்த்தி மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் உச்ச வேகம் ஏறும், வெளியே இழுத்தால் கீழ்வேகத்தில் இழுவை கூடும். பைப்புக்குள் தண்ணீர் செலுத்தினால் புகை குளிர்ந்து, அதில் ஒலி மெதுவாகப் போகும். அளவு மாறாமலே பைப் நீண்டதற்குச் சமம். புரொப்பெல்லர் பெரிதாகிவிட்டாலோ எஞ்சின் அந்த ஆர்பிஎம்மை எட்டவே எட்டாது, பைப்புக்குக் கொடுத்த காசு வீண். இதையெல்லாம் மேஜை மேல் வைத்துச் சரிபார்க்க முடியாது. தண்ணீரின் சுமை இருந்தால்தான் கணக்கு சரியா தப்பா என்று தெரியும்.

பள்ளிப்பட்டில் அதுதான் சிக்கல். கொசஸ்தலை ஆறு வருஷத்தில் பெரும்பாலும் மணல். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் மட்டும் தண்ணீர் வரும், ஒரேயடியாக வரும். தரைப்பாலம் முழுகும், தடுப்புக் கட்டை வைத்துப் போலீஸ் நிற்கும், பூண்டி வரைக்கும் வெள்ள எச்சரிக்கை. பக்கத்துக் காட்டுக் கிணற்றில் விடலாமே என்றாள் அக்கா. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கிணற்றைக் கடக்க அரை வினாடி ஆகாது என்று அவன் பொறுமையாக விளக்கினான். “அப்ப மெதுவா விடேன்டா” என்றாள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஏரியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. ஆகாயத்தாமரை இல்லாத பக்கமாகப் பார்த்து இறக்கினோம். முதல் இரண்டு சுற்று வழவழவென்று போனது. பைப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளி மறுபடி விட்டான். பாதி ஏரியில் எஞ்சின் குரல் சட்டென்று மாறிக் கூர்மையாகி, படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. அலை சரியான நேரத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அக்கா மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த பையன் ஒருவன் கரையில் நின்று முழுசாகப் பார்த்தான்.

“சூப்பர்ணா. ஆனா சத்தம் கொசு மாதிரி இருக்கு. அந்தப் பைப்பக் கழட்டிட்டு விட்டா நல்லா இருக்கும்ல?”

அக்கா மகன் 43,000-லிருந்து ஆரம்பித்தான். வாசல், அலை, வெப்பம் எல்லாம் சொன்னான். பையன் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டான்.

“சரிண்ணா. ஸ்பேனர் இருக்குதா?” என்றான்.